சங்கு ரோட்டுப் பில்லை

அமலோற்பவம் சைக்கிளோடு சுவருக்குள் நுழைந்த வெள்ளிக்கிழமை காலை உப்பாத்தூர் கீழத்தெருவில் குழாய்த் தண்ணீர் வரவில்லை, அதனால் தெருவில் பாதிப் பேர் குடமும் கையுமாக வெளியேதான் நின்றிருந்தோம், யாராவது பார்த்தீர்களா என்று பிற்பாடு போலீஸ் வந்து கேட்டபோது எல்லோரும் பார்த்தோம் என்று சொல்ல நேர்ந்தது அதனால்தான், மற்றபடி கீழத்தெருக்காரர்கள் போலீசிடம் எதையும் பார்த்ததாகச் சொல்கிற வழக்கம் கிடையாது.

அமலோற்பவத்துக்கு வயது ஐம்பத்திரண்டு. ரயிலடிப் பக்கத்து ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. ஊரிலேயே வலிக்காமல் ஊசி குத்தத் தெரிந்த ஒரே ஆள் என்று பெயர். ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று கேட்டவர்களுக்கு மட்டும் அடுத்த தடவை ரத்தம் எடுக்கும்போது கொஞ்சம் வலித்தது. சாயங்காலமானால் வீட்டு முற்றத்தில் பழைய சைக்கிள் ஒன்றைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்துவிடுவாள், எந்தக் காயலான் கடையில் அறுபது வருஷத்து வண்டி கிடந்தாலும் அது அவள் மூக்குக்கு எட்டிவிடும், கொண்டுவந்து மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, உப்புத்தாளால் துருவைத் தேய்த்து, ஒவ்வொரு போக்ஸ் கம்பியாக முறுக்கிச் சக்கரத்தின் கோட்டம் எடுத்து, காணாமல் போன ஒரு திருகாணிக்காக மூன்று மாவட்டத்துக்கு போன் பேசுவாள். அவளையும் சேர்த்து ஊரில் இப்படி ஏழு கிறுக்குகள் உண்டு. தையல்கடை பீர் முகமது அதில் மூத்த கிறுக்கு. ஞாயிற்றுக்கிழமை ஏழு பேரும் பளபளவென்று வரிசையாக மணியடித்துக்கொண்டு போவார்கள், எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் எங்கேயும் இல்லை என்பார்கள்.

இந்த ஏழு பேருக்கும் ஒரு வழக்கம் இருந்தது. முன்னே சைக்கிளுக்கு நகராட்சியில் லைசென்ஸ் வாங்க வேண்டும், வாங்கியதற்கு அடையாளமாக நம்பர் பொறித்த ஒரு பித்தளைப் பில்லை கொடுப்பார்கள், அதை ஹேண்டில்பாருக்குக் கீழே வண்டியின் கழுத்தில் திருகி வைத்துக்கொள்ள வேண்டும். பழைய வண்டியைப் புதுப்பித்து முடித்தால் அதன் முதல் ஓட்டம் பில்லை கொடுத்த ஆபீஸ் வாசலுக்குத்தான். போய் நின்று மூன்று தடவை மணி அடித்து, வண்டி வந்துவிட்டது என்று தெரிவித்துவிட்டுத் திரும்ப வேண்டும். இதற்குப் பில்லை ஓட்டம் என்று பெயர். நகராட்சி ஆபீசில் ஒருத்தரும் தலை நிமிர்ந்து பார்ப்பதில்லை என்றாலும், பில்லை ஓட்டம் முடியாத வண்டியில் இந்த ஏழு பேர் பால் வாங்கக்கூடப் போக மாட்டார்கள்.

அந்த ஆபீஸ், ஆஸ்பத்திரி, சந்தை எல்லாம் ரயிலடிப் பக்கம். கீழத்தெரு முனையிலிருந்து அங்கே சங்கு ரோடு என்று ஒன்று நேராகப் போகும், நடந்தால் பன்னிரண்டு நிமிஷம். இருபது வருஷத்துக்கு முன்னால் ஒருத்தர் அங்கேயிருந்த நிலத்தையெல்லாம் வாங்கி, நடுவில் கிடந்த ரோட்டையும் சேர்த்து வளைத்து, பன்னிரண்டடிச் சுவர் எழுப்பி, உள்ளே பொன்வசந்த நகர் என்று கட்டி விற்றுவிட்டார். நாங்கள் பதினோரு மனு கொடுத்தோம், பதினோரு தடவையும் நகராட்சியிலிருந்து ஒரே பதில் வந்தது: எமது பதிவேடுகளில் சங்கு ரோடு என்ற பெயரில் எந்தச் சாலையும் இல்லை. இல்லாத ரோட்டில் எப்படிப் போவது, ஆகவே பைபாஸைச் சுற்றிக்கொண்டு, லாரிகளுக்கு இடையே, நாலரை கிலோமீட்டர் போனோம்.

அந்தப் பைபாஸில்தான் அமலோற்பவத்தின் தம்பி சூசைக்கு இடது கால் முட்டிக்கு மேலே போனது. கூட்ஸ் ஷெட்டில் வேலைக்குப் போகிற வழியில், இரண்டு வருஷத்துக்கு முன்னால். அதற்கு முன்பு அக்கா புதுப்பிக்கிற எந்த வண்டியையும் முதலில் மிதித்துப் பார்ப்பது அவன்தான். தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, சரி என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால்தான் அவளுக்கு வண்டி முடிந்தது. காலுக்குப் பிறகு அவன் சைக்கிள் பக்கமே திரும்பவில்லை. சங்கு ரோடு திரும்ப வரட்டும், அன்றைக்குச் சைக்கிளில் ஏறுகிறேன் என்று ஒரு தடவை சொன்னான், அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவே விடவில்லை. இரண்டு வருஷத்தில் அவள் நான்கு வண்டி புதுப்பித்தாள், நான்கும் அவளைப் பொறுத்தவரை முடியாமலே நின்றன.

ஐந்தாவதுதான் இந்த வண்டி. கறுப்புச் சீமை வண்டி, கம்பி பிரேக், தோல் சீட், நான்கு கோட்டு பெயிண்டுக்கு அடியில் 1958ஆம் வருஷத்துப் பில்லை, நம்பர் 417. பெயிண்டைச் சுரண்டும்போது பில்லையைக் கழற்றித் தனியே மெருகேற்றுவதுதான் முறை, ஆனால் அதன் திருகாணி அசையவில்லை, மூன்று திருப்புளிகளின் முனை உடைந்தது, நான்காவது அவள் உள்ளங்கையைக் கிழித்தது, அப்போது அவளுக்கு வந்த கோபத்தில், இருந்துட்டுப் போ என்று அதை அப்படியே விட்டுவிட்டுப் புளி போட்டுத் தேய்த்தாள். பில்லை மஞ்சளாக மின்னியது.

பில்லை ஓட்டத்துக்கு மற்ற ஆறு பேரும் வந்து நின்றபோது அவள் பைபாஸ் பக்கம் வண்டியைத் திருப்பவில்லை. "இந்த வண்டிக்குப் பில்லை குடுக்கும்போது பைபாஸே கெடையாது, பாய்" என்றாள்.

பீர் முகமது மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "பொறவு எந்த வழியா போறீய?"

"அதுக்குத் தெரிஞ்ச வழியா."

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறி, தெரு முனைச் சுவரைப் பார்த்து மிதித்தாள். கடைசி நேரத்தில் திருப்பிவிடுவாள் என்று நாங்கள் நினைத்தோம். அவள் மணியை மட்டும் அடித்தாள். சுவர் பிளக்கவில்லை, இடியவில்லை, ஒரு செங்கல்கூட நகரவில்லை. சைக்கிள் போகிற இடத்தில் அது ரோடாக இருந்தது, மற்ற இடத்தில் சுவராக இருந்தது, அவ்வளவுதான். மணிச் சத்தம் அடங்குவதற்குள் பீர் முகமதுவும் பின்னாலேயே போனார், அவர் பின்னால் மீதி ஐந்து பேர், அவர்கள் பின்னால் ஒரு வெள்ளாடு. ஆட்டுக்குப் பின்னால் ஓடிய மீன்காரி செல்லத்தாயி மட்டும் கூடையோடு சுவரில் முட்டிக்கொண்டு நின்றாள், ஏனென்றால் அதற்குள் மணிச் சத்தம் நின்றுவிட்டிருந்தது.

உள்ளே சங்கு ரோடு இருந்த தடத்தில் மூன்று கார் ஷெட்டும், ஒரு பூங்காவும், பதினான்காம் நம்பர் வீடும் நின்றன. வீட்டுக்காரர் தாமோதரன், ஓய்வுபெற்ற பொறியாளர், சோபாவில் காபியோடு செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் டிவிக்கும் நடுவே ஏழு சைக்கிள்களும் ஓர் ஆடும் வரிசையாகப் போயின. அவர் மனைவி கோமளவல்லி, வீட்டுக்கு வந்தவர்களை ஒரு வாய் உபசரிக்காமல் அனுப்பத் தெரியாதவள், காபி சாப்பிட்டுப் போங்களேன் என்று கேட்டுவிட்டாள், திரும்பும்போது சாப்பிடுறோம் என்று அமலோற்பவம் சொல்லிவிட்டுப் போனாள், சொன்னபடியே திரும்பும்போது நின்று சாப்பிட்டாள். ஆடு சாப்பிடவில்லை.

அதற்கப்புறம் அதிசயம் என்று உட்கார்ந்து பேச யாருக்கும் நேரம் இருக்கவில்லை, ஏனென்றால் எல்லோருக்கும் ரயிலடிப் பக்கம் வேலை இருந்தது. காலை ஆறே முக்காலுக்கு அமலோற்பவம் பரிசோதனை நிலையத்துக்குக் கிளம்புவாள், அந்த நேரத்துக்குச் செல்லத்தாயியின் மீன் கூடையும், ஆஸ்பத்திரியில் பெருக்குகிறவர்களும், ரயிலுக்குப் போகிற வாத்தியார்களும், ஆஸ்பத்திரியில் மருந்துச் சீட்டு எழுத வேண்டிய சர்க்கரை வியாதிக்காரர்களும் முனையில் வரிசையாக நிற்பார்கள், மணிச் சத்தம் காதில் விழுகிற வரைக்கும் சுவர் ரோடுதான் என்பது தெரிந்துபோனதால் யாரும் தள்ளுமுள்ளு பண்ணவில்லை, ஒரு தடவை மணி அடித்தால் அறுபது பேர், சாயங்காலம் திரும்பும்போது அதே அறுபது பேர். கர்ப்பிணிகளை முன்னால் விட்டோம். ஒரு கல்யாண ஊர்வலம் மேளத்தோடு போனது, மேளத்தில் மணி கேட்காமல் மாப்பிள்ளை வீட்டார் பாதிப் பேர் இந்தப் பக்கம் தங்கிவிட்டார்கள், பெண் வீட்டுக்கு அது சௌகரியமாகப் போனது. செபஸ்தி என்று ஒருத்தன் பதினான்காம் நம்பர் வீட்டு டிவியில் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்க நின்று, மணி அடங்கி, சாயங்காலம் வரை அங்கேயே இருந்தான், கோமளவல்லி அவனுக்கு உப்புமா போட்டுக் கொடுத்து, தேங்காய் நான்கு உரிக்க வைத்தாள். அதன்பின் அவள் சோபாவைச் சுவரோரம் நகர்த்தி வழிவிட்டாள். தாமோதரன் முதுகு வலிக்க வலிக்க அதைப் பழைய இடத்துக்கே தள்ளுவார், அவள் மறுபடி நகர்த்துவாள். பொன்வசந்த நகரின் வாட்ச்மேன், தன்னை யாரும் கேட்காமலே, விசிலை எடுத்துக்கொண்டு கார் ஷெட்டுப் பக்கம் நின்று இடது ஓரமாகப் போகச் சொல்ல ஆரம்பித்தார்.

சூசை ஒருவன்தான் வரவில்லை. அக்கா தினமும் கூப்பிட்டாள், கேரியரில் உட்கார், பின்னால் பிடித்துக்கொள் என்றாள், ஒருநாள் கெஞ்சவும் செய்தாள். அவன் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சொன்னதை நாங்கள் பக்கத்து வீட்டிலிருந்து கேட்டோம்.

"நீ ஓட்டுதது ரோடு இல்லக்கா, வித்தை. அந்தப் பில்லை கழண்டா சுவரு சுவருதான். ஒருத்தி மணியடிச்சாத்தான் அறுவது பேருக்கு வழின்னா அதுக்குப் பேரு ரோடா?"

அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தது, ஏனென்றால் அவன் சொன்னது உண்மை.

பொன்வசந்த நகர் சங்கத்தின் செயலாளர் ஜெயச்சந்திரன் சும்மா இருக்கிற மனிதர் இல்லை. சுவரை இரண்டடி உயர்த்தினார், மேலே கண்ணாடிச் சில்லு பதித்தார், உள்ளே இன்னொரு சுவர் வைத்தார், எல்லாம் மணி அடித்தால் ரோடாகத்தான் இருந்தது. கூட்டம் போட்டார், கூட்டத்துக்கு வந்த வீட்டுக்காரம்மாக்கள் பாதிப் பேர் வாயைத் திறக்கவில்லை, கீழத்தெருவிலிருந்து வருகிற வேலைக்காரிகள் இருபது வருஷத்தில் முதல் தடவையாக நேரத்துக்கு வந்துகொண்டிருந்தார்கள். போலீஸ் வந்து விசாரித்து, சுவர் சேதமாகவில்லை, பூட்டு உடையவில்லை, எதுவும் திருட்டுப் போகவில்லை, எந்தப் பிரிவில் எழுதுவது என்று தெரியாமல் திரும்பிப் போனது. கடைசியில் அவர் நகராட்சி ஆணையாளரிடம் போனார். ஆணையாளர் எங்களுக்குக் கொடுத்த பதிலையே அவருக்கும் கொடுத்தார்: அப்படி ஒரு ரோடே இல்லை, இல்லாத ரோட்டில் சைக்கிள் ஓட்டக் கூடாது என்று எப்படி உத்தரவு போடுவது. ஜெயச்சந்திரன் விடவில்லை. எழுத்தில் வேண்டும், எங்கே ஓட்டக் கூடாது என்று இடம் தெளிவாக வேண்டும் என்று நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்துவிட்டார், அங்கே இருந்த எழுத்தர் ஒருவர் மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகிறது என்ற எரிச்சலில் இடத்தைத் தெளிவாகவே எழுதி நீட்டினார், ஆணையாளர் கையெழுத்துப் போட்டார், வட்ட முத்திரை விழுந்தது.

அன்று சாயங்காலமே நகராட்சி டிராக்டர் வந்தது. பில்லை நம்பர் 417 சைக்கிளை ஏற்றும்போது அமலோற்பவம் பின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு டிராக்டரோடு கொஞ்ச தூரம் நடந்தாள், பிறகு விட்டுவிட்டாள். கையில் உத்தரவைத் திணித்துவிட்டுப் போனார்கள். அவள் அதை வாசிக்கக்கூட இல்லை, நாலாக மடித்துத் திருப்புளிப் பெட்டிக்குள் போட்டுவிட்டு முற்றத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

ஒன்பது நாள் சுவர் சுவராக இருந்தது, மற்ற ஆறு பேர் மணி அடித்துப் பார்த்தும் அது ரோடாகவில்லை, அவர்கள் வண்டிகளின் பில்லை எல்லாம் மெருகேற்றுவதற்காகக் கழற்றி மாட்டியவை. எல்லோரும் பைபாஸில் போனோம். ஒன்பதாம் நாள் ஒரு லாரி உரசி செல்லத்தாயியின் கை முறிந்தது, கூடை கவிழ்ந்து சாளை மீன் அத்தனையும் தார் ரோட்டில் சிதறி, அடுத்தடுத்து வந்த லாரிகள் அதன்மேல் ஏறிப் போயின. அவளுக்குத் தொட்டில் மாதிரிக் கட்டுப் போட்டு வீட்டில் கொண்டுவந்து விட்டபோது சூசை ஊன்றுகோலோடு போய்ப் பார்த்தான், திரும்பி வந்து அக்காவின் திருப்புளிப் பெட்டியைக் கால்மணி நேரம் குடைந்தான், எதைத் தேடுகிறான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது, எதையாவது உடைக்க வேண்டும் போலிருந்தது என்றுதான் பிற்பாடு சொன்னான். கையில் உத்தரவு அகப்பட்டது. பிரித்து வாசித்தான். வாசித்துவிட்டுச் சிரித்தான், கால் போனதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து நாங்கள் கேட்ட முதல் சிரிப்பு அது, என்னவோ ஏதோ என்று நாலு வீட்டுக்காரர்கள் ஓடினோம்.

"அக்கா, இத நீ படிக்கவே இல்லியா?" என்று கேட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தான். 'உப்பாத்தூர் நகராட்சி எல்லைக்குட்பட்டதும், கீழத்தெரு முனையில் தொடங்கி ரயில் நிலையம் வரை செல்வதும், பதினாறு அடி அகலம் கொண்டதுமான சங்கு ரோட்டில், பில்லை எண் 417 கொண்ட மிதிவண்டியை ஓட்டுவது இதன்மூலம் தடை செய்யப்படுகிறது.'

பதினோரு மனு போட்டும் கிடைக்காதது நீல முத்திரையோடு அவன் கையில் இருந்தது. தடை 417க்குத்தான். ரோட்டுக்கு இல்லை.

முற்றத்து மூலையில் பச்சை வண்டி ஒன்று பாதி வேலையில் கிடந்தது. அதன் கழுத்தில் பில்லை இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைகள் மட்டும் இருந்தன, எந்தக் காலத்திலோ யாரோ பிடுங்கியிருந்தார்கள். சூசை அதைக் காட்டி, இதை எனக்கு ஆக்கிக் கொடு என்றான்.

ஏழு பேரின் சங்கத்தில் மீறக் கூடாத சட்டம் ஒன்று உண்டு, வண்டி பிறந்தபோது எப்படி இருந்ததோ அப்படித்தான் இருக்க வேண்டும், ஒரு வாஷர்கூட மாறக் கூடாது. இருபத்தாறு வருஷமாக அதைக் கடைப்பிடித்த அமலோற்பவம் மூன்றே நாளில் எல்லாவற்றையும் மீறினாள். இடது பெடலையும் அதன் கட்டையையும் கழற்றி எறிந்தாள். வலது பெடலில் பாதத்தை இழுத்துக் கட்ட ஒரு தோல்வார் வேண்டுமென்றாள், பீர் முகமது சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் தன் கைப்பையை வெட்டித் தைத்துக் கொடுத்தார். சீட்டை இரண்டு அங்குலம் இறக்கினாள். பாரில் ஊன்றுகோலைச் செருக ஒரு வளையம் பற்ற வைத்தாள். எல்லாம் முடிந்ததும் உத்தரவில் ரோட்டின் பேரும் முத்திரையும் இருந்த துண்டை மட்டும் கத்தரித்து, பால் பவுடர் டப்பா மூடியில் பில்லை வடிவத்துக்குத் தகரம் வெட்டி, அதில் ஒட்டி, மேலே எக்ஸ்ரே தாளைக் கழுவித் துடைத்து மூடி, இரண்டு ஓட்டையிலும் திருகினாள். திருகாணி முதல் சுற்றிலேயே இறுகியது.

புதன்கிழமை காலை பத்து மணிக்குத்தான் கிளம்பினோம், நகராட்சி ஆபீஸ் திறந்திருக்க வேண்டும் அல்லவா. பில்லையைக் கொடுத்தது எந்த ஆபீசோ அங்கேதான் பில்லை ஓட்டம் போக வேண்டும். சூசை ஏறி உட்கார்ந்ததும் அமலோற்பவம் கேரியரைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினாள். வண்டி தள்ளாடியது, ஒரு காலால் மிதித்து, பெடலை மேலே இழுத்து, மறுபடி மிதித்து, இரண்டு வருஷம் சும்மா இருந்த உடம்பு அந்தத் தாளத்தைக் கண்டுபிடிக்கத் தெரு பாதி தூரம் ஆனது. சுவருக்குப் பத்தடி இருக்கும்போது அவன் திரும்பாமலே சொன்னான்.

"கைய எடுக்கா."

அவள் எடுத்தாள். அவன் மணி அடிக்கவில்லை. மணிமேல் கையே வைக்கவில்லை, நேராகப் போனான், சுவர் இருக்க வேண்டிய இடத்தில் பதினாறு அடி அகலத்துக்கு ரோடு கிடந்தது. பின்னால் நாங்கள் போனோம், அறுபது பேர் இல்லை, முழுத்தெரு, வரிசையில்லாமல், அவசரப்படாமல், செல்லத்தாயி கைக்கட்டோடு, பீர் முகமது வெட்டுப்பட்ட கைப்பையோடு. கடைசி ஆள் கடந்து வெகுநேரம் ஆகியும் அது மூடவில்லை என்று வாட்ச்மேன் சொன்னார்.

பதினான்காம் நம்பர் வீட்டில் சோபா சுவரோரமாகவே இருந்தது. சைக்கிள் வராத அத்தனை நாளும் தாமோதரன் அதை நடுவே தள்ளியிருக்கிறார், அத்தனை நாளும் கோமளவல்லி திரும்ப நகர்த்தியிருக்கிறாள். சூசை கடக்கும்போது அவள் கையில் காபி டம்ளரோடு நின்றாள், இத்தனை நாள் எங்கே போனீர்கள் என்று கோபித்துக்கொண்டாள். தாமோதரன் டிவியை அணைத்துவிட்டு, கால்களை உள்ளே இழுத்துக்கொண்டார்.

நகராட்சி ஆபீஸ் வாசலில் சூசை வண்டியை நிறுத்தி மூன்று தடவை மணி அடித்தான். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் தலை நிமிர்ந்தார்கள். ஆணையாளரே வெளியே வந்தார், பின்னால் அந்த எழுத்தரும் வந்தார். கூட்டத்தைப் பார்த்து, பச்சை வண்டியைப் பார்த்து, அதன் கழுத்தில் தன் முத்திரையைக் குனிந்து பார்த்து, என்ன வேண்டும் என்று கேட்டார்.

"ஒண்ணும் வேண்டாம் சார். பில்லை குடுத்த ஆபீசுல வண்டியக் காட்டணும், அது எங்க வழக்கம்."

ஆணையாளர் பாரில் செருகியிருந்த ஊன்றுகோலைப் பார்த்தார். பைபாஸைச் சுற்றி ஒற்றைக் காலோடு ஒருத்தன் வந்திருக்க முடியாது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். "எந்த வழியா வந்தீங்க?" என்றார்.

"நீங்க எழுதிக் குடுத்த ரோடு வழியா."

அவர் எழுத்தரைத் திரும்பிப் பார்த்தார், எழுத்தர் தரையைப் பார்த்தார். சூசை காத்திருக்கவில்லை. வண்டியைத் திருப்பி, வலது பாதத்தை வாருக்குள் நுழைத்துக்கொண்டு, கூட்டத்தில் அக்காவைத் தேடினான். அவள் ஆபீஸ் ஷெட்டில் துணி மூடிக் கிடந்த கறுப்பு வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"அக்கா" என்று கூப்பிட்டான். அவள் திரும்பியதும், "வண்டி சரி" என்றான்.